பொன்னாடை இருக்கட்டும், பாக்கி எங்கே?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு குளிர்சாதன ஹாலில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மச்சினி மகள் கூப்பிட்டாள் என்று போனேன். அவள் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். கை சுத்தம், சொன்ன தேதிக்குக் கொடுப்பாள். "பெரியப்பா, கிரியேட்டிவ் தொழில் பண்றவங்க எல்லாரும் ஒண்ணா சேர்ற மீட்டிங். நெட்வொர்க்கிங். நீங்க பேங்க்ல இருந்தவர், வந்து பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். நுழைவுக் கட்டணம் தலைக்கு 750 ரூபாய். எனக்கும் சேர்த்து அவளே கட்டியிருந்தாள். அது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

எப்படி இருந்தது என்று அவளிடம் அன்று மாலையே சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாக இருக்கும். ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

குத்துவிளக்கு, வரவேற்புரை, பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம் தன்னறிமுகம். ஒரு பையன் கையில் செல்போனை வைத்துக்கொண்டு அறுபது விநாடி ஆனதும் மணி அடித்தான். ஆரி வேலை ஐந்து பேர். டெரகோட்டா நகை மூன்று பேர். வீட்டுச் சோப்பு, ரெசின் தட்டு, சணல் பை, சிறுதானிய பிஸ்கட், கேக். புகைப்படக்காரர்கள் நான்கு பேர். இரண்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட். (இவர்கள் இல்லாத கூட்டம் இந்த ஊரில் உண்டா?) மூன்று பேர் 'பிசினஸ் கோச்'. வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையில் சேர்ந்த விசிட்டிங் கார்டுகளை மேஜைமேல் பரப்பி எண்ணினேன். முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் எதையாவது விற்க வந்தவர்களுடையது. "இதுல வாங்க வந்தவங்க யாரும்மா?" என்று கேட்டேன். அவளும் ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள்.

சந்தை என்றால் விற்கிறவனும் வாங்குகிறவனும் வருவார்கள். கீழவாசலில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கு அது தெரியும். பக்கத்துக் கூடைக்காரியோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தால் நட்பு வளரும், போனி ஆகாது. இதற்கு 750 ரூபாய் வாங்கிக்கொண்டு, வந்தவர்களுக்கே பேனர் பிடித்துப் படமும் எடுத்து, 'இன்று 64 தொழில்முனைவோர் இணைந்தனர்' என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள்.

சரி, வெட்டிப் பேச்சு, ஒரு காபி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, போகட்டும் என்று விட்டிருப்பேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கௌரவிப்பு நிகழ்ச்சி. மேலவீதிப் பக்கம் இருக்கும் ஒரு ஓவியரை மேடைக்கு அழைத்தார்கள். எனக்கு அவரை முப்பது வருடமாகத் தெரியும். அப்பா காலத்திலிருந்து தஞ்சாவூர் ஓவியம் எழுதுகிற குடும்பம். எழுபதை நெருங்குகிறார், இன்னும் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே மக்கு வைக்கிறார். அவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் ஊருக்கு வெளியே ஒரு விடுதி நடத்துகிறவர், அன்றைய சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டவர். "நம் மண்ணின் கலை" என்று பத்து நிமிடம் உருகினார். கைத்தட்டல். ஓவியர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் வந்தார். "என்ன அண்ணே, பெரிய மரியாதை" என்றேன். "சார், அவர் விடுதிக்குத்தான் நாலு படம் எழுதிக் கொடுத்தேன். 86,000 பில். 20,000 அட்வான்ஸ் கொடுத்தார். மீதி 66,000. எட்டு மாசம் ஆகுது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் வந்தது, வாங்கிக்கொண்டோம்.

அந்த 66,000 என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகை கடனில் கிடைக்கலாம், தச்சர் தெரிந்தவர். பலகைமேல் துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் குழைத்து மக்கு வைப்பது கைவேலை. ஆனால் தங்க ரேக்கு கடனில் வராது. ஜெய்ப்பூர் கல் கடனில் வராது. இரண்டுக்கும் ரொக்கம். தங்கம் விற்கிற விலை உங்களுக்குத் தெரியும், வீட்டில் பெண் குழந்தை இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆக, அந்த ஓவியர் தன் கைக்காசில் தங்கம் வாங்கி ஒரு விடுதியின் வரவேற்பறைச் சுவரில் ஒட்டிக் கொடுத்துவிட்டு, எட்டு மாதமாக வட்டியில்லாக் கடன் கொடுத்தவராக நிற்கிறார். அவர் வாங்கியது வெளியில் இரண்டு வட்டிக்கு. அந்த வட்டி மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணிநேரப் 'பயிற்சி வகுப்பு' இருந்தது. தலைப்பு, 'உங்கள் பிராண்டைக் கட்டமைப்பது எப்படி'. அந்தப் பெரியவரும் உட்கார்ந்து கேட்டார். அவருடைய பிராண்டுக்கு என்ன குறை? தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வகுப்பெடுத்த இளைஞரும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனால் அந்தக் குறியீட்டை ஒரு கலைஞர் முறைப்படி பயன்படுத்த வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன் பெயரைத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அந்த விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று ஒரு வார்த்தை வரவில்லை. லோகோவில் என்ன நிறம் இருக்க வேண்டும் என்பதற்கு நாற்பது நிமிடம் போனது.

இதை எழுதும்போதே மனசாட்சி குறுக்கே வருகிறது. எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? நானும் மேடையில் நின்று சான்றிதழ் கொடுத்தவன்தான்.

வங்கியில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு டிரைசெம் ஞாபகம் இருக்கும். 1979-ல் வந்த திட்டம். கிராமத்து இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி கொடுத்து, உதவித்தொகையும் கருவியும் கொடுத்து, பிறகு கடன் கொடுப்பது. காகிதத்தில் அருமையான திட்டம். எண்பதுகளின் கடைசியில் கொள்ளிடக் கரையோரம் ஒரு சின்னக் கிளையில் இருந்தேன். மூங்கில் கூடை பின்னுகிற பெண்கள் இருபது பேரை உட்கார வைத்து, கூடை பின்னத் தெரியாத ஒருவரை வைத்து அவர்களுக்குக் கூடைத் தொழில் பயிற்சி நடத்தினோம். மார்ச் மாதம், இலக்கு முடிக்க வேண்டும். கடைசி நாளில் ஒரு பெண் எழுந்து, "சார், எங்களுக்கு மூங்கில் நேரா வாங்கித் தர்றதுக்கு வழி பண்ணுங்க. ஏவாரி சொன்ன வெலைதான் வெலையா இருக்கு. அவரே கூடையையும் வாங்கிக்கிறார், அதுக்கும் அவர் சொன்ன வெலைதான்" என்றாள். மூலப்பொருளும் ஒருவன் கையில், சந்தையும் அவன் கையில். தொழிலின் முழு நோயையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். "கட்டாயம் பார்க்கிறேன்மா" என்று சொல்லிவிட்டு, மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன். 'பயிற்சி சிறப்பாக நடைபெற்றது. பயனாளிகள் 20.' என்னுடைய கையெழுத்துதான். அந்தப் பெண்ணின் பெயர் கூட இப்போது ஞாபகமில்லை, கேள்வி மட்டும் இருக்கிறது.

டிரைசெம் 1999-ல் வேறு திட்டத்தோடு கலந்துவிட்டது. அதே பழக்கம் இப்போது தனியார் கைக்குப் போய், குளிர்சாதனமும் கட்டணமும் சேர்ந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறது. அப்போதாவது வந்தவர்களுக்கு நாங்கள் உதவித்தொகை கொடுத்தோம். இப்போது வந்தவர்களிடமே வாங்குகிறார்கள்.

குறுகிய காலப் பயிற்சி எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்து உஜிரேயில், 1982-ல் இரண்டு வங்கிகளும் தர்மஸ்தலாக்காரர்களும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் பின்னால் மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுக்க ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் வந்தன. அங்கே பயிற்சி இலவசம், தங்க இடம், சாப்பாடு இலவசம். முக்கியமான விஷயம், பயிற்சி முடிந்த பிறகு இரண்டு வருடம் அந்த ஆளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது விதி. கடன் கிடைத்ததா, கடை திறந்தானா, நடக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். எல்லா ஊரிலும் அப்படியே நடக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விதியாவது அப்படி இருக்கிறது. வகுப்பு பத்து நாள், கவனிப்பு இரண்டு வருடம். நான் போன கூட்டத்தில் கவனிப்பு என்பது அடுத்த வகுப்புக்கு அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தி மட்டும்தான்.

அன்று மாலை என் மச்சினி மகளைக் கணக்கு நோட்டை எடுத்து வரச் சொன்னேன். கணக்கு நோட்டு இல்லை. செல்போனில் பணம் போன வரிகளைப் பார்த்து நானே ஒரு பழைய டைரியில் எழுதினேன். ஒரு வருடத்தில் சங்கத்துக்கு உறுப்பினர் கட்டணம், மூன்று நாள் 'பிசினஸ் மாஸ்டரி', ஒரு நாள் 'இன்ஸ்டாகிராம் ரகசியங்கள்', மாதக் கூட்டக் கட்டணம், ஸ்டால் வாடகை, எல்லாம் சேர்த்து 27,400 ரூபாய். இத்தனை தொடர்புகளால் வந்த வேலை? இரண்டு ரவிக்கை. இரண்டும் அந்தச் சங்கத்து உறுப்பினர்களுடையதே. அதில் ஒன்றுக்குத் 'தோழமைத் தள்ளுபடி'.

"உனக்கு வேலை எங்கேருந்துமா வருது?" என்றேன். "அய்யங்கடைத் தெருவுல ஒரு பட்டுக்கடை அனுப்புவாங்க. அப்புறம் ஒரு டெய்லர் அக்கா. பழைய கஸ்டமர் சொல்லி வர்றவங்க" என்றாள். அந்தப் பட்டுக்கடைக்காரரை வருடத்துக்கு எத்தனை முறை நேரில் போய்ப் பார்க்கிறாய் என்று கேட்டேன். போவதில்லையாம். போனில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இருக்கிறதே.

இன்னொன்றும் கேட்டேன். "ஒரு ரவிக்கைக்கு 4,000 வாங்குறியே, எத்தனை மணி நேரம்?" அவள் யோசித்து, "நாலு நாள் ஆகும் பெரியப்பா" என்றாள். மணி, கல், நூல், ஜரிகை 900 ரூபாய். கூட உட்காரும் பெண்ணுக்கு நாளுக்கு 400. மீதியைக் கழித்துப் பார்த்தால் அவளுக்கு நாளைக்கு 375 ரூபாய் நிற்கிறது. கூட உட்காரும் பெண்ணைவிட முதலாளிக்குக் குறைவு! கரண்டும் வாடகையும் இன்னும் கழிக்கவில்லை. ஒரு வருடமாக மூன்று கோச்சுகளிடம் படித்தவளுக்கு இந்தக் கழித்தலை யாரும் செய்து காட்டவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அவள் கொஞ்ச நேரம் டைரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அதான் பெரியப்பா, நானே கிளாஸ் எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். ஒரு பேட்ச்சுக்கு பத்து பேர் வந்தா..." என்றாள்.

இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆரி கற்றவள் ஆரியில் பிழைக்க முடியாமல் ஆரி வகுப்பு எடுக்கிறாள். அவளிடம் கற்ற பத்துப் பேரும் அதே ஊரில் அதே நாலு பட்டுக்கடையை நம்பி இறங்குகிறார்கள். கூலி இன்னும் குறைகிறது. அவர்களும் வகுப்பு எடுக்கிறார்கள். கோச் ஆனவர்களில் பலர் ஒரு காலத்தில் சோப்போ கேக்கோ விற்றவர்கள்தான். விற்பதைவிட, விற்பது எப்படி என்று சொல்வதில் காசு அதிகம் என்று கண்டுகொண்டவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் குறைவு, அவர்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. ஆனால் ஒரு தொழில் தன் கைகளையெல்லாம் வாத்தியார்களாக மாற்றிக்கொண்டால் யார்தான் தைப்பது?

இப்போது அந்த 66,000-க்கு வருகிறேன்.

2006-ல் ஒரு சட்டம் வந்தது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கேட்டும் கொடுக்காவிட்டால் வசதியாக்கல் மன்றத்தில் முறையிடலாம். 2017 முதல் 'சமாதான்' என்ற இணையதளம் வழியாகவே மனுப் போடலாம். போதாததற்கு, காலத்தில் பணம் கொடுக்காதவர் அந்தத் தொகையைத் தன் செலவுக் கணக்கில் அந்த வருடம் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டத்திலும் 2024 ஏப்ரலில் ஒரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இதற்கெல்லாம் தேவை உத்யம் பதிவு. அதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆதார் எண் வைத்து வீட்டிலிருந்தே செய்யலாம். இதற்கும் ஐநூறு, ஆயிரம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது தனிக் கதை.

கடன் வாங்கியபோது ஓவியருக்கு உத்யம் பதிவு செய்யப்பட்டிருந்தது. இப்படி ஒரு சட்டம் இருப்பதை யாரும் சொல்லவில்லை. ஆறு வகுப்புக்குப் போயிருக்கிறார், ஆறு சான்றிதழும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். நான் பில், டெலிவரி சலான் எல்லாவற்றையும் பார்த்து ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சட்டம் சரி சார். இதை அனுப்பினா பணம் வரும். அடுத்த ஆர்டர் வருமா? புது பிளாக் கட்டுறார், ஆறு படம் வேணும்னு சொல்லியிருக்கார்."

என்னிடம் பதில் இல்லை. முப்பத்தேழு வருட வங்கி வேலையில் கற்ற எதுவும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. சட்டம் ஒரு ஆளுக்கு உரிமையைக் கொடுக்கிறது, பிழைப்பு இன்னொரு ஆளின் தயவில் இருக்கிறது.

சங்கம் வேண்டியது இந்த இடத்தில்தானே? அறுபத்து நான்கு பேர் ஒரு ஹாலில் சேர்ந்தார்களே. அந்த அறுபத்து நான்கு பேர் சார்பில் சங்கத்தின் தலைப்புத்தாளில் அந்தக் கடிதம் போயிருந்தால், ஓவியர் தனியாளாக மாட்டிக்கொள்ள மாட்டார். எல்லோருக்கும் 45 நாள்தான், எங்கள் உறுப்பினர் யாரிடம் வாங்கினாலும் இதுதான் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். மூங்கிலோ தங்க ரேக்கோ ஜரிகையோ இருபது பேருக்குச் சேர்த்து வாங்கினால் விலை படியும், அதையாவது செய்யலாம். ஆனால் பாக்கி வைத்தவர்தான் அன்றைக்குச் சாப்பாடு போட்டவர். அவருக்குக் கடிதம் எழுதுமா அந்தச் சங்கம்? அமைப்பாளரிடம் கேட்டேன். "சார், நாங்க பாசிட்டிவ்வா மட்டும்தான் பேசுவோம்" என்றார் சிரித்துக்கொண்டே.

"தொடர்புதான் சார் எல்லாம், ஒரு நாள் கிளிக் ஆகும்" என்று என் மச்சினி மகளும் சொல்கிறாள். தொடர்பு வேண்டாம் என்று யார் சொன்னது? அரசு அலுவலகங்களில் 'வாங்குவோர் விற்போர் சந்திப்பு' என்று ஒன்று நடத்துவார்கள். பெயரிலேயே வாங்குவோர் முதலில் வருகிறார்கள். கல்யாண மண்டபக்காரர், பட்டுக்கடைக்காரர், விடுதிக்காரர், கோயில் திருப்பணிக் குழு, வெளியூர்க் கைவினைக் கடைக்காரர் என்று பத்துப் பேரை உட்கார வை. கலைஞர்களிடம் வாங்கும் கட்டணத்தை அவர்களிடம் வாங்கு. நானே வந்து நாற்காலி போடுகிறேன்.

கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு வாரம் மடியிலேயே இருந்தது. தங்க ரேக்கு வாங்கப் பணமில்லாமல் ஒரு பிள்ளையார் படம் மக்கு வைத்த நிலையில் நின்றுபோனதும் அவரே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். பத்தாம் நாள் 30,000 கணக்கில் ஏறியது. கூடவே விடுதிக் கணக்காளரின் போன்: "எதுக்கு சார் லெட்டரெல்லாம், ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" எட்டு மாதத்தில் எத்தனை போன் என்று ஓவியர் எண்ணி வைக்கவில்லை. 36,000 இன்னும் நிற்கிறது. ஆறு படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளையாருக்கு ரேக்கு ஒட்டியாகிவிட்டது. போன வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன், கண் மட்டும் திறக்க வேண்டும்.

மச்சினி மகள் இந்த மாதக் கூட்டத்துக்குப் போகவில்லை. ரவிக்கை விலையை 5,200 ஆக்கியிருக்கிறாள். டெய்லர் அக்கா முகத்தைச் சுளித்தாளாம், பட்டுக்கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

இதற்கிடையில் அந்த அமைப்பாளர் எனக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் 'வங்கிக் கடன் பெறுவது எப்படி' என்று நான் பேச வேண்டுமாம், பொன்னாடை உண்டாம். வருகிறேன், ஆனால் பேச்சுக்குப் பதில் உறுப்பினர்களுக்கு வர வேண்டிய பாக்கிப் பட்டியலைத் தேதி, தொகையோடு மேடையில் வாசிக்கப் பத்து நிமிடம் கொடுங்கள் என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்து ஒன்பது நாளாகிறது.